பச்சை உடம்பு

கத்தி யார் கையில் இருக்கிறது என்பதைச் சரீரம் பார்ப்பதில்லை. வழிப்பறிக்காரன் குத்தினாலும் வைத்தியர் கீறினாலும், தோல் விலகித் தசை பிளந்து இரத்தம் வெளிப்பட்ட மாத்திரத்தில், செய்தவன் யார், என்ன கருதிச் செய்தான் என்ற விசாரணைக்கெல்லாம் இடங்கொடாமல், அது தன் காவல் முழுவதையும் எழுப்பிவிடுகிறது. காயம்பட்ட இடத்துக்கு இரத்தம் விரைகிறது. குழாய்களின் சுவர்கள் நெகிழ்ந்து நீரையும் வெள்ளணுக்களையும் வெளியே விடுகின்றன. அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கிறது. இந்த நான்கு லட்சணங்களையும் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் வரிசைப்படுத்தி எழுதிவைத்திருக்கிறார். அழற்சி என்று இன்று பாடப்புத்தகங்கள் சொல்லும் இச்செயல் ஒரு நெருஞ்சி முள் தைத்த விரல் நுனியில் நிகழும்போது நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், மார்பெலும்பை நெடுக அறுத்து, இருதயத்தை நிறுத்தி, உடலின் இரத்தம் முழுவதையும் வெளியே எடுத்து ஒரு யந்திரத்தினூடே செலுத்தித் திருப்பித் தரும் அறுவையின்போது அதே செயல் என்ன உருவம் கொள்கிறது, அதை நாம் எவ்வாறு மதித்து நடக்க வேண்டும் என்பவை நிதானமாகச் சிந்திக்கத் தக்கவை.

எங்கள் நாஞ்சில் நாட்டில் இருதய அறுவை இன்று தெருவுக்குத் தெரு கேட்கிற சமாச்சாரம். பைபாஸ் செய்தவர், வால்வு மாற்றியவர், குழந்தைப் பருவத்திலேயே இருதயத்தின் ஓட்டையை அடைத்துக்கொண்டவர் என்று ஒவ்வோர் ஊரிலும் நாலு பேரைக் காட்டிவிடலாம். 1956 நவம்பர் 1ஆம் தேதி இந்த மண் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டம் என்ற பெயருடன் தமிழகத்தோடு சேர்ந்தது. ஆயினும் நோயாளிகள் போகும் வழி மாறவில்லை. மார்த்தாண்டமும் களியக்காவிளையும் கடந்து, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறுகிறவர்களின் மடியில் இன்றும் மருத்துவக் கோப்பு இருக்கிறது. அவர்களுள் பலர் இறங்கிக் கேட்கும் இடம் ஸ்ரீசித்ரா. திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973இல் மக்களுக்கென்று அளித்த கட்டடத்தில் உருவாகி, 1976இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கி, 1980இல் பாராளுமன்றச் சட்டத்தினால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்தாபனமாக உயர்ந்த ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம், இப்பகுதி மக்களின் இருதய சரித்திரத்தில் பாதியை எழுதியிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

அதற்கு வெகு காலம் முன்னரே, மேலை வைத்தியத்தின் கத்தி இங்கே நெய்யூரில் வந்திறங்கியிருந்தது. லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி 1838இல் அங்கே தொடங்கியது. 1922ஆம் ஆண்டின் எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த அறுவை வைத்தியர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல், நெய்யூர் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த கூட்டத்தைக் கண்டு மனங்கலங்கி, லண்டனில் தமக்கிருந்த பிரகாசமான எதிர்காலத்தை விட்டுவிட்டு இவ்வூர்க்காரராகவே ஆனார். 1924இல் அவர் மீண்டும் எவரெஸ்ட் ஏறினார். ஏறத்தாழ 28,000 அடி உயரத்தில், உறைபனிக் காற்று தொண்டையின் உட்சவ்வைக் கருக்கிவிட, அது தளர்ந்து உரிந்து சுவாசக் குழலை அடைத்துக்கொண்டது. மூச்சற்று, இறந்துபோவதற்கென்றே பனியில் உட்கார்ந்தவர், கடைசி முயற்சியாகத் தம் இரு கைகளாலும் மார்பை அழுத்தித் தள்ள, அடைத்திருந்த சவ்வு இரத்தத்தோடு வெளியே வந்து உயிர் மீண்டது. சேதப்பட்ட பாகத்தைப் பிரித்து வெளியேற்றுவது உடலின் நியாயமான வேலைதான். ஆனால் வெளியேற்றப்படும் பொருள் மூச்சுக்குழலில் நிற்கும்போது, காப்பாற்ற எழுந்த செயலே கழுத்தை நெரிக்கும் கயிறாகவும் ஆகிவிடுகிறது. இதைத் தம் சொந்தத் தொண்டையில் அறிந்த ஒருவர் நெடுங்காலம் நெய்யூரில் கத்தி பிடித்திருந்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை எழுகிறது. பிற்காலத்தில் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார்; இந்தியாவில் திறந்த இருதய அறுவை 1960களின் தொடக்கத்தில் வேர்விட்ட இடங்களுள் அந்த வேலூரும் ஒன்று.

இருதயத்தைத் திறப்பதற்கு முதலில் அதன் வேலையை வேறொன்று ஏற்க வேண்டும். அமெரிக்காவில் ஜான் கிப்பன் என்ற அறுவை வைத்தியர், நுரையீரல் இரத்தக்குழாய் அடைபட்டுக் கண்முன்னே மடிந்துகொண்டிருந்த ஒரு பெண்மணியின் அருகில் 1930களின் வாசலில் இரவு முழுதும் விழித்திருந்தபோது, இவளுடைய கறுத்த இரத்தத்தை வெளியே எடுத்துச் சிவக்கச் செய்து திருப்பித் தர முடிந்தால் என்ன என்று நினைத்தார். அந்த நினைவுக்கு உருவம் கொடுக்க அவருக்கும் அவர் மனைவிக்கும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தன. 1953 மே 6ஆம் தேதி, பிலடெல்பியா நகரில், 18 வயதுப் பெண் ஒருத்தியின் இருதய மேலறைச் சுவரிலிருந்த துவாரத்தை அவர் தைத்து மூடியபோது, 26 நிமிஷ நேரம் அவளுடைய உயிர் முழுவதும் ஒரு யந்திரத்தின் பொறுப்பில் இருந்தது. அவள் பிழைத்தாள். அதற்குப் பின் செய்த அறுவைகள் தோல்வியுறவே, கிப்பன் அந்தக் காரியத்தையே கைவிட்டார். மறு ஆண்டு மினசோட்டாவில் வால்ட்டன் லில்லஹை என்பவர் யந்திரத்தையே ஒதுக்கிவிட்டு, தகப்பனையோ தாயையோ பக்கத்துக் கட்டிலில் கிடத்தி, அவர்களுடைய இரத்த ஓட்டத்தோடு குழந்தையின் இரத்த ஓட்டத்தை இணைத்து, பெற்றவரின் நுரையீரலாலும் இருதயத்தாலும் பிள்ளையைப் பிழைக்கவைக்கத் துணிந்தார். அவ்வாறு செய்த 45 அறுவைகளில் 28 குழந்தைகள் பிழைத்து வீடு சென்றனர். ஒரே வேளையில் இரண்டு உயிர்களைப் பணயம் வைக்கும் அந்த முறை நீடிக்கவில்லை. யந்திரங்கள் சீர்பட்டு வந்துவிட்டன. எனினும், மனித இரத்தம் மனித உடலுக்கு உள்ளேயே இருக்க விரும்புகிறது என்ற உண்மைக்கு அந்த முறையைவிடச் சிறந்த சாட்சியம் இல்லை.

அந்த உண்மையை இன்னும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். நம்முடைய இரத்தம் பிறந்தது முதல் இறக்கும்வரை தொட்டறிவது ஒரே ஒரு பரப்பைத்தான். அது இரத்தக்குழாய்களின் உட்புறத்தை மூடியிருக்கும், உயிருள்ள அணுக்களாலான மெல்லிய படலம். அப்படலம் வெறும் சுவரன்று. உறையாதே, பொங்காதே என்று இரத்தத்துக்குக் கணந்தோறும் சொல்லிக்கொண்டிருக்கும் ஜீவன். அதை விட்டு முதன்முறையாக வெளியேறும் இரத்தம், பிளாஸ்டிக் குழாய்களிலும், சுழலும் பம்பிலும், மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் செறிந்த ஆக்ஸிஜனேற்றியிலும், நிமிஷத்துக்கு நாலைந்து லிட்டர் வீதம் பாய்கிறது. உறைந்துவிடாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்திருப்பார்கள்; அதனால் கட்டி சேர்வது தடைபடுகிறதேயொழிய, அந்நியப் பொருளைத் தொட்டுவிட்டோம் என்ற அறிவு தடைபடுவதில்லை. இரத்தத்தில் உறங்கிக் கிடக்கும் காம்ப்ளிமென்ட் என்னும் புரதக் கூட்டம் ஒன்றையொன்று வெட்டி விழித்துக்கொள்கிறது. அதிலிருந்து பிரியும் துண்டுகள் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்களைக் கூவி அழைக்கின்றன. அவை நுரையீரலின் நுண்குழாய்களில் போய் ஒட்டிக்கொண்டு, கிருமிகளைக் கொல்ல வைத்திருக்கும் திராவகங்களைச் சொந்தத் திசுவின்மேலேயே உமிழ்கின்றன. சைட்டோகைன் என்னும் தூதுப் பொருள்கள் உடலெங்கும் செய்தி பரப்புகின்றன.

இதற்குமேல் இருதயமே ஒரு பங்கு தருகிறது. குளிர்ந்த பொட்டாசியக் கரைசலால் அதை நிறுத்தி, மகாதமனியில் கவ்வி போட்டு, தைக்க வேண்டியதைத் தைத்து முடித்துக் கவ்வியை எடுக்கும்போது, இரத்தமின்றிக் கிடந்த தசைக்குள் பிராணவாயு மீண்டும் பாய்கிறது. உயிர் தரவேண்டிய அந்தப் பிராணவாயுவே ஒரு முகூர்த்த நேரத்துக்கு நஞ்சின் தன்மை கொண்டுவிடுவது உடற்கூற்றின் விசித்திரங்களுள் ஒன்று. குடலின் இரத்த ஓட்டம் குறைந்திருந்த வேளையில், அங்கே வாழும் கிருமிகளின் நச்சுப் பொருள் சிறிதளவு இரத்தத்தில் கசிந்திருக்கும். அதுவும் தன் பங்குக்கு அலாரம் அடிக்கிறது. எல்லாம் முடிந்தபின், ஹெப்பாரினை முறிக்க ஸால்மன் மீனின் விந்தணுவிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட புரோட்டமைன் என்னும் மருந்தைச் செலுத்துகிறார்கள். அவை இரண்டும் இணைந்து உண்டாகும் கலவையும் காம்ப்ளிமென்ட் கூட்டத்தை இன்னொரு தடவை தட்டி எழுப்பிவிடுகிறது. ஆக, கத்தி, பிளாஸ்டிக், குளிர், இரத்தமின்மை, மீண்ட இரத்தம், குடல், மருந்து என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வாசல்களிலிருந்து ஒரே செய்தி ஒரு பகற்பொழுதுக்குள் சரீரத்தின் காதில் விழுகிறது.

ஊரில் ஒரு கூரை தீப்பிடித்தால் கோயில் மணியை அடிப்பார்கள். ஆண்களும் பெண்களும் குடத்தோடு ஓடிவந்து, அடுத்த வீட்டு ஓலையையும் பிடுங்கிப் போட்டாவது தீயை அத்தோடு நிறுத்துவார்கள். அந்தச் சேதத்தை யாரும் குற்றமாகச் சொல்வதில்லை. ஆனால் ஒரே இரவில் மேலத்தெரு, கீழத்தெரு, சன்னதித் தெரு என்று எல்லாத் தெருவிலும் மணி அடித்தால், தீ எங்கே என்று தெரியாத கூட்டம் எல்லா வீட்டுக் கூரையையும் பிடுங்கத் தொடங்கும். அந்தக் கூட்டத்தில் ஒருவரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. இருதய அறுவைக்குப் பின் உடலில் நடப்பதும் அதுதான். காவலின் குணம் மாறவில்லை. அதற்குக் கிடைத்த செய்திதான் இடம் காட்டாத செய்தியாகிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் டெனிஸ் செனோவெத், ஜான் கிர்க்லின் முதலிய ஆராய்ச்சியாளர்கள், பம்பில் ஓடும் நேரம் நீள நீளக் காம்ப்ளிமென்ட் துண்டுகள் இரத்தத்தில் பெருகுவதையும், அப்பெருக்கத்தோடு நுரையீரல், சிறுநீரகம் முதலிய அங்கங்கள் தளர்வதையும் அளந்து காட்டியபோதுதான், அதுவரை பம்பின் பின்விளைவு என்று பொதுப்படச் சொல்லிவந்த நிலைக்கு ஒரு காரணச் சங்கிலி கிடைத்தது.

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் எனக்குத் தாய்மாமன் முறையானவர் ஒருவர், வயலில் நின்று உரமேறிய உடம்பு, பைபாஸ் செய்துகொண்டு வீடு திரும்பியிருந்தார். பார்க்கப் போனபோது திண்ணையில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தார். நெஞ்சின் நடுவில் கழுத்துக்குழியிலிருந்து மேல்வயிறு வரை ஒரு நேர்கோடு; இரத்தக்குழாய் எடுத்த வலது காலின் உட்புறத்தில் கணுக்காலிலிருந்து முழங்கால் தாண்டி இன்னொரு கோடு, அதன் ஓரங்கள் சிவந்து பளபளத்தன. கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தினால் விழுந்த குழி நெடுநேரம் அப்படியே நின்றது. இருமல் வரும்போது ஒரு சிறு தலையணையை மார்போடு இறுக அணைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, பாதி இருமலோடு நிறுத்திக்கொண்டார்.

“மருமவனே, வெட்டினது நெஞ்சுல, கீறினது கால்ல. மூஞ்சியும் கையும் எதுக்குடே வீங்குச்சு? ஆபரேசன் முடிஞ்சு மூணாம் நாளு நெஞ்சு வேற படபடன்னு தப்புத்தாளம் போட்டுச்சு. செஞ்சதுல ஏதும் கோளாறு இருக்குமோ?” என்றார்.

நான் வாயெடுப்பதற்குள் உள்ளிருந்து மாமி கஞ்சியோடு வந்தாள். “பச்ச ஒடம்புல்லா, அப்படித்தான் இருக்கும். நீங்க பேசாமக் கெடங்க” என்றாள்.

மாமி சொன்னதில் வைத்திய சாஸ்திரத்தின் சாரம் இருந்தது. குழாய்ச் சுவர்கள் உடலெங்கும் ஒரே நேரத்தில் நெகிழ்ந்துவிடுவதால், இரத்தத்தின் நீர் திசுக்களில் கசிந்து, முதல் நாட்களில் உடல் எடை சில கிலோ கூடிவிடுவது வழக்கம். முகமும் கையும் வீங்கியது அதனால். சுமார் மூன்றில் ஒருவருக்கு, பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில், இருதய மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கின்றன. அழற்சி உச்சம் கொள்ளும் காலத்தோடு அந்தத் தாளப் பிசகு ஒத்துப்போவது வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கவனித்துவரும் சங்கதி. கிருமி ஏதுமின்றியே முதலிரண்டு நாள் காய்ச்சல் காய்வதும், சிலருக்குச் சில வாரங்கள் கழித்து இருதய உறையில் நீர் கோத்து மீண்டும் நெஞ்சு வலிப்பதும் இதே செயலின் வெவ்வேறு முகங்கள். இவற்றுள் எது தானே அடங்கும், எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று பிரித்தறிவது வைத்தியரின் வேலை. ஆனால் இவையெல்லாம் அறுவையின் பிழையால் வந்தவை என்று எண்ணி நோயாளி மனமொடிந்துபோவதைத் தடுப்பது, அறுவைக்கு முன்னாலேயே அவர் பாஷையில் அவரோடு உட்கார்ந்து பேசியிருந்தால் முடிந்திருக்கும். கையெழுத்து வாங்குவதற்கு ஒதுக்கப்படும் நேரத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவது சிகிச்சையின் பகுதியே என்று நான் கருதுகிறேன்.

இவ்வளவு தீங்கு செய்யும் இந்த எழுச்சியை மருந்து கொடுத்து அடக்கிவிடலாகாதா என்ற கேள்வி இயல்பானது. வைத்திய உலகம் அதைப் பல்லாண்டுகள் நேர்மையுடன் கேட்டிருக்கிறது. அழற்சியை அடக்குவதில் ஸ்டீராய்டுக்கு மிஞ்சிய மருந்தில்லை. ஆகவே பம்பில் ஏற்றுமுன் ஸ்டீராய்ட் கொடுப்பது பல இடங்களில் வழக்கமாகவே இருந்துவந்தது. நெதர்லாந்தில் 4,494 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி டெக்ஸாமெதசோன் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2012இல் வெளிவந்தது; மரணம் முதலிய பெருந்தீங்குகளில் நிச்சயமாகச் சொல்லத்தக்க குறைவு தென்படவில்லை. அதையும் விஞ்சியதாய், 18 நாடுகளில் 7,507 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வு, மெத்தில்பிரெட்னிசலோன் பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் பிழைத்தார்கள் என்று காட்டியது. பெற்றவர்களிடம் இருதயத் தசைச் சேதத்தின் அறிகுறிகள் சற்றுக் கூடுதலாகக்கூடக் காணப்பட்டன. பம்பே குற்றவாளியென்றால் பம்பில்லாமல் துடிக்கும் இருதயத்திலேயே ஒட்டுப்போட்டுவிடலாமே என்று அதையும் செய்துபார்த்தார்கள். 4,752 நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட ஆய்வு 2012இல் சொன்ன செய்தி, முதல் 30 நாட்களில் முக்கியமான விளைவுகளில் இரு முறைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை என்பதே. யந்திரத்தை நீக்கினாலும் காயம் நீங்குவதில்லை. காயம் இருக்குமிடத்தில் காவல் எழத்தான் செய்யும்.

இந்த ஆய்வுகளைத் தோல்விக் கதைகளாக வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. உடலின் ஒரு பெரிய குணத்தைப் பற்றி ஆயிரக்கணக்கான எளிய மனிதர்கள் தங்கள் நெஞ்சைத் திறந்து கொடுத்து நமக்குச் சொல்லிவைத்த வாக்குமூலங்கள் அவை. அந்தக் குணம் இதுதான்: தீங்கு செய்கிற கையும் ஆற்றுகிற கையும் அழற்சிக்கு ஒன்றே. நுரையீரலில் ஒட்டிக்கொண்டு துன்புறுத்தும் அதே வெள்ளணுக்களே மார்புக் காயத்தில் புகுந்த கிருமியைத் தின்கின்றன. எஃகுக் கம்பியால் கட்டிவைத்த மார்பெலும்பு இரண்டு மூன்று மாதங்களில் ஒன்றுகூடுவதும், புதிய இரத்தக்குழாயைத் தைத்த இடம் ஒழுகாமல் ஆறுவதும், அந்தச் சிவப்பும் சூடும் தொடக்கிவைத்த வேலையின் முடிவுகள். ஒன்றை வெட்டி எறிந்து மற்றதை மட்டும் வைத்துக்கொள்ளும் கத்தி இன்னும் செய்யப்படவில்லை.

முன்னோர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1794இல் வெளியான தம் நூலில், அழற்சியை நோயென்று கொள்ளலாகாது, அது ஒரு சேதத்துக்கு உடல் செய்யும் பரிகார முயற்சி என்ற கருத்தை நிலைநாட்டிய லண்டன் அறுவை வைத்தியர் ஜான் ஹண்டர், தாமே நெடுநாள் இருதய நோயாளியாய் இருந்து, அந்நூல் அச்சேறுவதற்கு முந்திய ஆண்டில் அந்நோயாலேயே மாண்டவர். 1882இல் சிசிலித் தீவின் மெஸினா நகரில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ஒரு முள்ளைச் செருகிவைத்து, மறுநாள் விடிந்ததும் உருப்பெருக்கியில் பார்த்த விலங்கியலாளர் மெச்னிகாப், அலையும் அணுக்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து நிற்கக் கண்டார்; உடலுக்குக் காவல் உண்டு என்ற அறிவு அந்தக் காலைப்பொழுதில் உறுதிப்பட்டது. நம் நாட்டுச் சுஸ்ருதர், வீக்கத்தைக் காய், கனிவது, கனிந்தது என்று மூன்று நிலைகளாகப் பிரித்து, அந்த நிலையறியாமல் கத்தி வைப்பவனைக் கடிந்து பேசுகிறார். அழற்சிக்குக் காலம் என்றொரு அங்கம் உண்டு என்பதே அந்த வகுப்பின் உட்பொருள். இக்காலத்தில் சார்ல்ஸ் செர்ஹான் முதலிய ஆராய்ச்சியாளர்கள், அழற்சி வெறுமனே ஓய்ந்துபோவதில்லை, போதும் என்று சொல்லித் தணிக்கும் தனிப் பொருள்களை உடல் தானே செய்துகொள்கிறது என்று கண்டு சொல்லியிருப்பது அந்தப் பழைய பார்வைக்குக் கிடைத்த புதிய உரை.

சுஸ்ருதரை இங்கே நினைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ரீசித்ராவை இருதய வைத்தியத்தின் பெருநிலையமாக வளர்த்த டாக்டர் எம். எஸ். வலியத்தான், 2024இல் மறையும்வரை, கத்தியை வைத்துவிட்ட தம் பிற்காலத்தைச் சரகர், சுஸ்ருதர், வாக்படர் ஆகிய மூவரின் நூல்களையும் ஆராய்ந்து எழுதுவதற்கே பெரிதும் அர்ப்பணித்திருந்தார். அவருடைய நடுவயதின் சாதனை இருதய வால்வு. அந்நிய நாட்டு வால்வின் விலை கொடுக்க முடியாமல் ஏழை நோயாளிகள் திரும்பிப் போவதைப் பொறுக்கமாட்டாமல், இங்கேயே செய்வதென்று அவரும் அவருடைய பொறியியல் சகாக்களும் முனைந்தார்கள். முதல் மூன்று மாதிரிகள் தேறவில்லை. அவற்றுள் ஒன்றில் நீலமணிக் கல்லால் செய்த தகடு ஆட்டின் இருதயத்திலேயே உடைந்தது. கோபால்ட், குரோமியம் கலந்த உலோகக் கூட்டில் பாலிஎத்திலீன் தகடு சாய்ந்து திறந்து மூடும் நான்காவது மாதிரி 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதன்முதலாக ஒரு மனித இருதயத்தில் பொருத்தப்பட்டது. டி.டி.கே. சித்ரா வால்வு என்ற பெயருடன் அது பின்னர் ஏராளமான மார்புகளுக்குள் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கிறது.

அந்த வால்வின் விளிம்பைச் சுற்றி ஒரு பாலியெஸ்டர் துணி வளையம் உண்டு. தைப்பதற்கு வாட்டமாக மட்டும் அதை வைக்கவில்லை. அந்தத் துணியை அந்நியப் பொருளென்று கண்டு உடல் அழற்சி கொள்ளும், வெள்ளணுக்கள் வரும், அவற்றின் பின்னே நார்த்திசு வரும், சில மாதங்களில் துணியின் இழைகளுக்குள் உடலின் சொந்தத் திசு ஊடுருவிப் படர்ந்து, வளையத்தைத் தன்னில் ஒரு பாகமாக்கிக்கொள்ளும். அந்தத் திசு எல்லை கடந்து வளர்ந்தால் தகட்டின் அசைவையே தடுத்துவிடவும் கூடும். எந்த அழற்சியைப் பம்பில் நாம் அஞ்சினோமோ, அதையே இங்கே அழைத்து வந்து, அளவாக உட்காரவைத்து வேலை வாங்கியிருக்கிறது மனித புத்தி. அடக்கிவைப்பதை விட்டு, தூண்டுதலைக் குறைப்பது, அளவறிந்து இடங்கொடுப்பது, தளரும் அங்கத்துக்குத் துணைநிற்பது என்ற வழியில்தான் இத்துறையின் மெய்யான முன்னேற்றங்கள் எல்லாம் வந்திருக்கின்றன. குழாய்களின் உட்புறத்தில் ஹெப்பாரின் பூசி அவற்றை இரத்தத்துக்குச் சற்றே பழகியவை ஆக்கியது, குழாய்களின் நீளத்தைக் குறைத்தது, பம்பில் இருக்கும் நேரத்தைச் சுருக்கியது, சின்னஞ்சிறு குழந்தைகளின் இரத்தத்திலிருந்து அறுவை முடிவில் மிகுதி நீரை வடித்தெடுத்தது, இரவு முழுவதும் செவிலியர்கள் சிறுநீரின் அளவையும் சுவாசத்தையும் மணிக்கு மணி குறித்துவைத்தது எல்லாம் அந்த வழியைச் சேர்ந்தவையே. இவற்றில் ஆரவாரமில்லை, ஆனால் ஒரு காலத்தில் உயிரைப் பணயம் வைப்பதாயிருந்த அறுவையை, இன்று தோவாளையில் பூக்கட்டுகிறவரும் குளச்சலில் வலை இழுக்கிறவரும் செய்துகொண்டு திரும்பித் தம் தொழிலைப் பார்க்கும்படி ஆக்கியவை இவைதாம்.

கடைசியாக, இந்த விஷயம் அறுவை மேஜையோடு தொடங்குவதன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் வால்வு மாற்றிக்கொள்கிறவர்களில் மிகப் பலருக்கு அந்த வால்வு கெட்டதே ஓர் அழற்சியினால். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை வலி வருகிறது. கிருமியை எதிர்க்க எழுந்த உடல், அக்கிருமியின் அமைப்பை ஒத்திருக்கும் தன் இருதயத் திசுவையும் பகையென்று மயங்கித் தாக்குகிறது. வாதக்காய்ச்சல் என்னும் இந்நோயில் மூட்டுகள் வீங்கி வற்றிவிடும். இருதயத்தில் விழுந்த அடி மட்டும் தங்கி, வருஷக்கணக்கில் வால்வைத் தடிக்கவைத்துச் சுருக்கி, இருபதிலோ முப்பதிலோ மூச்சிரைப்பாக வெளிப்படுகிறது. நெருக்கமான குடியிருப்புகளில், பலர் ஒரே அறையில் படுத்துறங்கும் வீடுகளில் இந்நோய் மிகுதி. அதாவது இது வறுமையின் நோய். தொண்டை வலியை உரிய காலத்தில் பென்சிலின் கொடுத்துத் தீர்த்தால் இந்தச் சங்கிலியின் முதற்கண்ணி அறுந்துவிடும். ஒருமுறை வாதக்காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி, அடுத்த தாக்குதலிலிருந்து வால்வைக் காக்கும்.

ஆகவே, உடலின் இந்த ஆவேசத்தோடு நமக்குள்ள உறவைச் சீர்ப்படுத்திக்கொள்ள மூன்று கடமைகள் இருக்கின்றன. அறுவை செய்கிறவர், அடக்குவதைவிடத் துணைநிற்பதே சிறந்ததென்று ஆய்வுகள் கற்பித்த பாடத்தை மறவாதிருத்தல் ஒன்று. அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தவரை, வீக்கத்தையும் சோர்வையும் மறதியையும் மனக்கலக்கத்தையும் குற்றமாகக் கொள்ளாமல், எலும்பு கூடும் காலம் வரையேனும் பச்சை உடம்பென்று போற்றி வைத்திருத்தல் இரண்டு. கிராமத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பென்சிலின் ஊசி ஒருநாளும் இல்லையென்று ஆகாதபடியும், தொண்டை வலியென்று சொன்ன பிள்ளையை ஆசிரியரும் தாயும் அசட்டை செய்யாதபடியும் பார்த்துக்கொள்ளுதல் மூன்று. முதல் இரண்டும் வந்த துன்பத்தைக் குறைப்பவை. மூன்றாவது, பத்து வயதில் ஒரு ஊசியால் முடிகிற காரியத்தை முப்பது வயதில் மார்பைப் பிளந்து முடிக்கும்படி விட்டுவிடாதிருப்பது. நாஞ்சில் நாட்டில் ஒவ்வொரு பஞ்சாயத்தும் இன்றே கையிலெடுக்கக்கூடிய இருதய சிகிச்சை அதுதான்.